பெஞ்சில் துண்டு விரிக்கக் கூடாது

சஞ்சீவி தர்ம ஆஸ்பத்திரியில் ஒளிவுமறைவே கிடையாது. வாசலிலேயே பச்சைப் பெயிண்டில் ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள்: "கட்டணம் அறிவது நோயாளியின் உரிமை." அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், "விவரங்களுக்கு உள்ளே விசாரிக்கவும்." அதற்கும் கீழே, குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற எழுத்தில், "விசாரிப்பவர்கள் காத்திருக்கவும்."

உச்சிமாகாளிக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். குருவிகுளத்துக்குக் கிழக்கே பதினாலு ஆடு மேய்க்கிறவனுக்கு அதற்கு மேல் வாசிப்பு தேவைப்பட்டதில்லை. மூன்று வரியையும் அவன் வாசித்து முடிப்பதற்குள் கூடவந்த பெண்டாட்டி சங்கரம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வயிற்றில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஆறு மாசமாகக் கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் கரைத்துக் குடித்துப் பார்த்தாள். கட்டிக்கும் அந்த மண் ஒத்துக்கொண்டது போலிருக்கிறது, நன்றாக வளர்ந்துவிட்டது.

டாக்டர் ஜெயபாய் வயிற்றை ஒருதரம் அமுக்கிப் பார்த்தார். "பத்து நாளைக்குள்ள அறுத்து எடுக்கணும். பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம்னு நெனைக்காதீரும். அவ்வளவு தூரம் பஸ்ஸுல குலுங்கினா உள்ளேயே உடைஞ்சிரும்."

"எவ்வளவும்மா ஆகும்?"

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எனக்கு அறுக்கத் தெரியும், தைக்கத் தெரியும். வெலை தெரியாதுய்யா. டாக்டர்மாருக்கு வெலை தெரிஞ்சா அறுக்கையில கை நடுங்கும்னு கமிட்டியில தீர்மானம் போட்டிருக்காவ. வெலை கேக்காம வாறவங்களுக்கு நாளைக்கே ஆபரேஷன். கேக்கணும்னா கூடத்துல போய்க் கேக்கணும்."

காசுள்ளவர்கள் கேட்கவில்லை. கடையநல்லூரிலிருந்து காரில் வந்து இறங்கிய ஒரு பெரியவர், மகன் துபாயில் இருக்கிறாராம், பச்சைப் பெயிண்டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே உள்ளே போனார். கேட்க வேண்டிய நிலைமையில் இருந்தவர்களுக்குத்தான் கேட்கிற உரிமையை ஆஸ்பத்திரி ஒதுக்கி வைத்திருந்தது.

பேசாமல் நாமும் உள்ளே போய்விடலாமா என்று உச்சிமாகாளிக்குத் தோன்றியது. சங்கரம்மாள் விடவில்லை.

"எங்கண்ணன் வெலை கேக்காமத்தான் உள்ள போனான். குடலைச் சரி பண்ணி விட்டாவ. வெளிய வரையில ரெண்டு ஏக்கர் போச்சு. நெலம் போன ஏக்கத்துல மறு வருசமே அவனும் போயிட்டான். இவுக அவனப் பொழைக்க வச்சாவளா கொன்னாவளான்னு எனக்கு இன்னமும் வெளங்கல. எத்தனை ஆடுன்னு கேட்டுட்டு வாங்க. பதினாலும்னா நான் இப்படியே வீட்டுக்கு வாரேன். ஒரு ஆடும் இல்லாம பொழைச்சுக் கெடந்து என்னத்தத் திங்க? அந்தச் செவலைப் பெட்டை மேல மட்டும் கை வச்சிராதீக, சொல்லிட்டேன்."

அவளை வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க வைத்துவிட்டு உச்சிமாகாளி கூடத்துக்குள் நுழைந்தான்.

கூடம் குளிர்ந்து கிடந்தது. வெளியே ஓடு வெடிக்கிற சித்திரை வெயில். உள்ளே காலடித் தரை கிணற்றுப் படி மாதிரி சில்லிட்டது. ஒரு சுவர் முழுக்கப் பெரிய கட்டணப் பலகை. பலகையை மூடி ஒரு திரை. பச்சைத் திரையாகத்தான் இருந்திருக்க வேண்டும், இப்போது காய்ந்த சோளத்தட்டையின் நிறத்தில் தொங்கியது. எதிரே கூடத்தின் நீளத்துக்கு ஒரு பெஞ்சு. அதில் மஞ்சள் கோடு போட்டுப் பதிமூன்று இடம் பிரித்திருந்தது. பதிமூன்று இடமும் காலி. ஜனங்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கால் கடுத்துப்போன உச்சிமாகாளி முதல் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

"எந்திரியும் வே!"

மேஜைக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டவர் பவுல்பாண்டியன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றபின், இங்கே கட்டண வெளிப்படை அலுவலர். அவர் இடுப்பில் தொங்குகிற சாவிக்குத்தான் விலைப்பதிவேடு இருந்த இரும்புப்பெட்டி திறக்கும்.

"அது சீனியர் விண்ணப்பதாரர் இடம். உங்க எல்லாருக்கும் முன்னால பதிமூணு பேர் இருக்காவ."

"எங்கய்யா இருக்காவ?"

"இருக்காவன்னா வரிசையில இருக்காவ. ஆள் காலமாயிட்டாவ."

உச்சிமாகாளி எழுந்துவிட்டான். வேட்டியின் பின்பக்கம் ஈரம் பட்ட மாதிரி இருந்தது. தடவிப் பார்த்தான். ஈரம் இல்லை.

"பதிமூணு பேருமா?"

"பதிமூணு பேரும். வெலையத் தெரிஞ்சுக்கிடணும்னு முறைப்படி எழுதிக் குடுத்தவங்க. காத்திருந்த எடத்துல சிலரு, வீட்டுக்குப் போய்ச் சிலரு. அதனால வரிசை மாறிருமா? விண்ணப்பத்தை ரத்து பண்ணணும்னா விண்ணப்பதாரரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"செத்தவுக எப்படிய்யா வருவாவ?"

"அது அவங்க சௌகரியம். நாங்க யாரையும் தடுக்கல."

மணி பத்து அடித்தது. பவுல்பாண்டியன் ஆஜர்ப் பதிவேட்டை விரித்தார். தரையில் இருந்த ஜனங்கள் பழக்கப்பட்டவர்களாக எழுந்து நின்றார்கள்.

"ஒன்று. மே. நல்லகண்ணு, மாட்டுத் தரகர், மேலநீலிதநல்லூர்."

அரை நிமிஷம் காத்திருந்தார். மின்விசிறி க்ரீச் க்ரீச் என்றது. எல்லாரும் பெஞ்சின் முதல் இடத்தைப் பார்த்தார்கள்.

"ஆஜர் இல்லை. இரண்டு. சு. இன்பம், வயது ஆறு, சங்கரன்கோவில்."

அரை நிமிஷம்.

"ஆஜர் இல்லை. மூன்று..."

பதிமூன்று பேரையும் கூப்பிட்டு முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "மூத்தவர்கள் வராததால் இன்று கூட்டம் கலைகிறது" என்றார். ஏழு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸும் ஆடித்தபசும் தவிர, தினசரி அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறார்.

அடுத்த நாலு நாளும் உச்சிமாகாளி வெளிப்படைத் தன்மையைப் படிப்படியாக அனுபவித்தான். விண்ணப்பத்தில் "விலை கேட்பதற்கான காரணம்" என்று ஒரு இடம் இருந்தது. "ஆடு" என்று எழுதிக் கொடுத்தான். காரணம் போதாது என்று திரும்பி வந்தது. "தெரிந்த விலையை வேறு யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று ஸ்டாம்பு ஒட்டிச் சத்தியம் எழுதிக் கொடுத்தான். பிறகு அவனுடைய ரத்த அழுத்தத்தை அளந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே அம்மா. அவளுக்குத்தானே நோக்காடு?" என்று நர்ஸிடம் கேட்டான்.

"வெலையத் தாங்குவீரான்னு பாக்கணும்லா. முன்ன ஒருத்தர் கேட்டதும் மயங்கி விழுந்து, அந்த மயக்கத்துக்குத் தனியா சார்ஜ் போட வேண்டியதாப் போச்சு."

ஐந்தாம் நாள் வெளிப்படை தினம். பலகையின் திரைக்கு ரோஜாமாலை போட்டு, சூடம் காட்டி, ஜெபமும் செய்தார்கள். மத நல்லிணக்கத்தில் ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல முடியாது. கமிட்டித் தலைவர் பேசினார்:

"இந்தத் திரைக்குப் பின்னால் ஒளிவுமறைவு எதுவுமே இல்லை என்று உறுதி கூறுகிறேன்! சில ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை மறைக்கிறார்கள். நாம் மறைக்கவில்லை, மூடி வைத்திருக்கிறோம். மறைத்த பொருள் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. மூடிய பொருள் எங்கே இருக்கிறதென்று எல்லாருக்கும் தெரியும். வருகிற ஆடித்தபசு அன்று இத்திரை திறக்கப்படும்."

"எந்த வருசத்து ஆடித்தபசுய்யா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். பின்னால் பெஞ்சுதான் இருந்தது. தலைவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு தேசிய கீதத்துக்குப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் சங்கரம்மாள் கஞ்சியை வேண்டாமென்று தள்ளினாள். முகம் மஞ்சளாகிவிட்டது.

"சொன்னாவளா?"

"நாளைக்குச் சொல்லுவாவளாம் ஏட்டி."

"செவலை ரெண்டு மாசச் சினை. அதத் தெரிஞ்சுக்கிடுங்க." அவ்வளவுதான் சொன்னாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உச்சிமாகாளி விலை புரியாத ஆள் இல்லை. பாம்புக்கோவில் சந்தையில் முப்பது வருஷமாக ஆடு விற்கிறான். அங்கேயும் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தரகர் ஒரு துண்டை விரித்துத் தன் கையையும் உன் கையையும் மூடிக்கொள்வார். துண்டுக்குள்ளே விரல்தான் பேசும். முதல் பிடி நூறு, அடுத்த பிடி பத்து. மூன்று விரலைப் பிடித்துவிட்டு அப்புறம் இரண்டைப் பிடித்தால் முந்நூற்று இருபது. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியும். வாங்குகிறவனுக்கே தெரியாத துண்டை அவன் இந்த ஆஸ்பத்திரியில்தான் பார்த்தான்.

ஏழாம் நாள் நடுமத்தியானம். மறுநாள் சந்தை. அதை விட்டால் அடுத்த சந்தைக்கு ஒரு வாரம், டாக்டரம்மா சொன்ன கெடுவோ இன்னும் மூன்று நாள். பவுல்பாண்டியன் சாப்பிடப் போய்விட்டார். ஜனங்கள் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். கரண்ட் போய் மின்விசிறி நின்றது. உச்சிமாகாளி மட்டும் கூடத்தில், தரையில், பெஞ்சின் முதல் இடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். தோளில் கிடந்த துண்டு நழுவி, பாதி பெஞ்சின் மேலும் பாதி அவன் கைமேலுமாக விழுந்தது. எடுக்க அலுப்பு. அப்படியே விட்டான்.

சாணி வாசமும் புகையிலை வாசமும் அடித்தது. சந்தை வாசம்.

துண்டுக்குள்ளே ஒரு கை அவன் கையைப் பிடித்தது.

அவன் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. முப்பது வருஷப் பழக்கம். துண்டுக்குள் கை வந்தால் வாயை மூடிக்கொண்டு விரலைக் கவனிக்க வேண்டும். மண்பானையின் அடிப்பாகம் மாதிரிச் சில்லிட்ட கை. காய்ப்புக் காய்த்த கை. தொழில் தெரிந்த கை. நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தது. விட்டது. பிறகு ஐந்து விரலையும் அள்ளிப் பிடித்தது.

நானூற்று ஐம்பது.

உச்சிமாகாளி கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டான். எழுபத்தைந்து ரூபாய் வீதம் ஆறு ஆடு. எட்டு மிஞ்சும். செவலை மிஞ்சும்.

கை போகவில்லை. அவன் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் பிடித்தது. விட்டது. இரண்டு விரலைப் பிடித்தது. விட்டது. மறுபடி ஒன்று. மறுபடி இரண்டு. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. விலை சொல்லுகிற பிடி இல்லை அது. கேட்கிற பிடி. "என்ன அண்ணாச்சி கேக்கீக?" என்று கேட்டான். கரண்ட் வந்தது. மின்விசிறி க்ரீச்சென்று சுற்றியது. துண்டு தட்டையாகிவிட்டது.

வாரியலோடு உள்ளே வந்த ஞானபூரணம் அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இருபது வருஷமாக அந்தக் கூடத்தைப் பெருக்குகிறவள்.

"கையப் பிடிச்சாரா?"

உச்சிமாகாளி தலையாட்டினான்.

"என் முந்தானையக்கூட ஒருநாள் இழுத்துப் பாத்தாரு. எனக்குத் துண்டு பாஷை தெரியாது, என்ன செய்ய?" வாரியலைச் சுவரில் சாத்தினாள். "அந்த மாட்டுத் தரகரு நல்லமனுசன், அண்ணாச்சி. குடலிறக்கம். வீட்டுல ஒரு சோடி உழவுமாடு நின்னுச்சு. ஒரு மாட்ட வித்தாப் போதுமா, ரெண்டையும் விக்கணுமான்னு தெரியணும் அவருக்கு. ஒத்த மாட்ட வச்சாவது எரவல் மாடு சேத்து உழுதுக்கிடலாம்லா. பதினெட்டு நாள் இங்கனதான் உக்காந்திருந்தாரு. போறவ வாறவகிட்டல்லாம் 'ஒரு மாடா, ரெண்டு மாடா'ன்னு கேப்பாரு. பத்தொம்பதாம் நாள் நான் தட்டி எழுப்புதேன், எந்திரிக்கல. ஏழு வருசமா இங்கனயே இருந்து, புதுசா வாற கடுதாசி பெட்டிக்குள்ள போகையில எல்லாம் எட்டிப் பாத்து எல்லாரு வெலையும் அவருக்கு அத்துபடி. அவரு கடுதாசிய மட்டும் அப்பவே பெட்டியில வச்சுப் பூட்டிட்டாவ. ஊருக்கெல்லாம் வெலை தெரியும், தன் வெலை தெரியாது."

மறுநாள் உச்சிமாகாளி ஆறு ஆட்டை விற்றான். அதற்கு மறுநாள் காலையில் பவுல்பாண்டியனின் மேஜையில் நோட்டுகளை எண்ணி வைத்தான்.

"நானூத்தி ஐம்பதுய்யா. வீட்டுக்காரியச் சேத்துக்கிடுங்க."

பவுல்பாண்டியனின் மூக்குக்கண்ணாடி நழுவியது. இரும்புப்பெட்டியைத் திறந்து பதிவேட்டைப் பார்த்தார். பெட்டியை மூடினார். மறுபடி திறந்து பார்த்தார்.

"யாருவே சொன்னா? கட்டணம் கசிஞ்சிருக்கு! வெலை இப்படி வெளியே தெரிஞ்சுபோனா வெளிப்படைத் திட்டம்னு ஒண்ணு எதுக்கு? நான் ஒருத்தன் எதுக்கு?" கடைசிக் கேள்வியில் அவர் குரல் உடைந்துபோனது. ஏழு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டுக்கொண்டதில்லை போலும்.

கமிட்டியைக் கூட்டினார்கள். டாக்டர்மாரை விசாரித்தார்கள். நர்ஸுகளை விசாரித்தார்கள். பதிவேட்டை அரித்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் எலிப்பொறியையும் சோதித்தார்கள். இந்தக் களேபரத்தில் டாக்டர் ஜெயபாய் ஸ்ட்ரெச்சரை அனுப்பிச் சங்கரம்மாளைத் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார். "வெலை கேட்டுத் தெரியாதவங்களத்தான் காக்க வைக்கணும்னு விதி. இவங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே," என்றார்.

"கடைசியாக் கேக்குதேன். சொன்னது யாரு?" என்றார் பவுல்பாண்டியன்.

"மேலநீலிதநல்லூர் நல்லகண்ணு அண்ணாச்சி."

பவுல்பாண்டியன் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவரு... வந்தாரா?"

"அவரு போகவே இல்லைய்யா."

தலைவர் கோபித்திருக்கலாம். பவுல்பாண்டியன் பயந்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் ஆஜர் எடுத்த மனுஷனின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். ஏழு வருஷத்தில் முதன்முறையாக ஒருத்தர் ஆஜர். பதிவேட்டில் ஒன்றாம் எண்ணுக்கு நேரே டிக் அடித்தார். விதிப்படி அடுத்த காரியம் பதில் சொல்வது. பெட்டிக்குள் கைவிட்டு மக்கிய காகிதம் ஒன்றை எடுத்து வாசித்தார்:

"மே. நல்லகண்ணு. குடலிறக்கம். மொத்தக் கட்டணம் நூற்று எண்பது ரூபாய்."

"அன்னைக்கு ஒரு உழவுமாடு என்ன வெலைக்குப் போகும்?" என்று உச்சிமாகாளி வாரியலோடு ஓரமாக நின்ற ஞானபூரணத்தைக் கேட்டான்.

"நோஞ்சான் மாடே முந்நூறுக்குக் குறையாது அண்ணாச்சி." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உச்சிமாகாளி பெஞ்சின் முதல் இடத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். துண்டை விரித்தான். கமிட்டித் தலைவர், பொருளாளர், பவுல்பாண்டியன் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கத் துண்டுக்குள் கையை விட்டான். சில்லென்று கை வந்தது. அந்தக் கையில் ஒரே ஒரு விரலைப் பிடித்து அழுத்தினான்.

ஒரு மாடு, அண்ணாச்சி. ஒரு மாடு போதும்.

அந்த விரல் அசையாமல் இருந்தது. பிறகு கை அவன் கையை முழுசாகப் பற்றி ஒருதரம் குலுக்கியது. சந்தையில் பேரம் முடிந்தால் அப்படித்தான். அதன்பின் துண்டுக்குள் ஒன்றும் இல்லை. மரம்தான் இருந்தது. வெயிலில் கிடந்த மரம் மாதிரி வெதுவெதுப்பாக.

சங்கரம்மாள் கண் முழித்ததும் கேட்டாள்: "எத்தனை?"

"ஆறு."

"செவலை?"

"நிக்குது."

"வெலைய யாரு சொன்னா?"

"ஒரு தரகர்."

"தரகு எவ்வளவு கேட்டான்?"

உச்சிமாகாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒண்ணே ஒண்ணு."

ஒரு விண்ணப்பம் தீர்வடைந்ததை ஆஸ்பத்திரி விமரிசையாகக் கொண்டாடியது. ஆண்டறிக்கையில் "ஏழு ஆண்டுகளில் நூறு சதவீதம் முன்னேற்றம்" என்று போட்டார்கள். கூடவே கூடத்தில் புதிதாக ஒரு அறிவிப்பும் ஏறியது: "பெஞ்சில் துண்டு விரிக்கக் கூடாது. இப்படிக்கு, கமிட்டி."

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் புறப்படுகிற அன்று, சங்கரம்மாளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டுக் கும்பிடு போட்டு வரலாம் என்று உச்சிமாகாளி கூடத்துக்குள் போனான். மணி பத்து. பவுல்பாண்டியன் ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றாம் எண்ணில் கோடு கிழித்திருந்தது.

"இரண்டு. சு. இன்பம், வயது ஆறு, சங்கரன்கோவில்."

அரை நிமிஷம். மின்விசிறி க்ரீச் க்ரீச்.

உச்சிமாகாளி அறிவிப்பை எழுத்துக் கூட்டி வாசித்தான். பெஞ்சில்தான் விரிக்கக் கூடாது என்று போட்டிருந்தது. அவன் தரையில், இரண்டாம் இடத்துக்கு நேரே சம்மணமிட்டு உட்கார்ந்து, துண்டைத் தன் மடியில் விரித்துக்கொண்டு, அதற்குள் கையை வைத்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு துண்டின் ஓரம் பெஞ்சுப் பக்கமிருந்து லேசாகத் தூக்கியது. சின்னக் கை. துண்டு பாஷை தெரியாத கை. நூறும் பத்தும் அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கடைத்தெருவில் கூட்டத்தில் அப்பனின் விரலைப் பிடித்துக்கொள்கிற மாதிரி அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை.

"ஆஜர் இல்..." என்று வாயெடுத்த பவுல்பாண்டியன் துண்டைப் பார்த்தார். துண்டுக்குள் இருந்த மேட்டைப் பார்த்தார். அவர் கை இடுப்புச் சாவிக்குப் போய், அங்கேயே நின்றது.

"பெட்டியத் திறங்கய்யா," என்றான் உச்சிமாகாளி. "பிள்ளை எவ்வளவு நேரம் உக்காந்திருக்கும்?"